எஃபெக்ட்ஸ் லூப்: தமிழில் விளைவுத் தடம்

வேலூரில் கிட்டார் அதிகம் ஒலிப்பது தேவாலயங்களிலும் கல்லூரி மேடைகளிலும்தான். அங்கே வாசிக்கும் பிள்ளைகள் பலரிடம் இருப்பது சின்னப் பயிற்சி ஆம்ப் (கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் பெட்டி). ஒலியை மாற்றும் பெடலுக்கு (காலால் மிதித்து இயக்கும் சின்னப் பெட்டி) சிக்னலை அனுப்பும் சென்ட், அதைத் திரும்ப வாங்கும் ரிட்டர்ன் என்ற இரண்டு ஜாக்குகள் அதன் பின்பக்கத்தில் பெரும்பாலும் இருக்காது. அவற்றை வீட்டிலேயே சேர்ப்பதைத்தான் 'எஃபெக்ட்ஸ் லூப் போடுவது' என்கிறோம். இதில் 'லூப்' எதைக் குறிக்கிறது என்பது தெளிவானால், எந்த இடத்தில் ஒயரைப் பிரிக்க வேண்டும் என்பதும் தெளிவாகிவிடும்.

எஃபெக்ட் லத்தீனிலிருந்து வந்த சொல். 'செய்து முடித்தல்' என்ற பொருளுள்ள வினையிலிருந்து பிறந்தது. நம் 'விளைவு' அதற்கு நன்றாகவே பொருந்துகிறது. லூப் என்பது இடைக்கால ஆங்கிலத்தில் கயிறோ துணியோ மடிந்து உண்டாகும் காது போன்ற வளைவைக் குறித்தது. அங்கிருந்து மின்னணுவியலுக்கு வந்தபோது ஒரே சொல் பல வேலைகளுக்குப் போய்விட்டது. நாம் எல்லாவற்றுக்கும் 'வளையம்' என்று போடுவதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

எர்த் இரண்டு வழியாக இணைந்து 'ம்ம்' என்று இரைச்சல் தருகிறதே, அந்த கிரவுண்ட் லூப் உண்மையிலேயே மூடிய வளையம். அதை புவியிணைப்பு வளையம் என்பது சரி. வாசித்த துண்டைத் திரும்பத் திரும்ப ஒலிக்கும் லூப்பர் பெடலுக்கு 'மடக்கு' பொருந்தும். அணியிலக்கணத்தில் ஒரே எழுத்துத் தொடர் மீண்டும் வருவதற்கு அதுதானே பெயர். ஒலிபெருக்கியின் சத்தம் மறுபடி மைக்கில் புகுந்து கீச்சிடும் ஃபீட்பேக் லூப் பின்னூட்டம்.

எஃபெக்ட்ஸ் லூப் இந்த மூன்றிலும் சேராது. காட்பாடி சந்திப்பில் ரயில்வேக்காரர் 'லூப் லைன்' என்று சொல்வதுதான் இதற்கு நெருக்கம்: பிரதான பாதையிலிருந்து பிரிந்து, கொஞ்சம் தள்ளி மறுபடி அதே பாதையில் சேரும் தடம். கிட்டாரின் சிக்னலும் அப்படித்தான். முன்பெருக்கியை (ஆம்பின் முதல் பகுதி, ப்ரீஆம்ப்) விட்டு வெளியே வந்து, பெடல் வழியாகப் போய், திறன் பெருக்கியில் (ஸ்பீக்கரை ஓட்டும் கடைசிப் பகுதி) சேர்ந்து முன்னோக்கியே நகர்கிறது. ஒயரைப் பிரிக்க வேண்டியது இந்த இரண்டுக்கும் நடுவில்தான். புறப்பட்ட இடத்துக்குத் திரும்புவதில்லை. வளையம் என்று நினைத்து வெளியீட்டை உள்ளீட்டிலேயே கொண்டுபோய்ச் சேர்த்தால் ஆம்ப் ஊளையிடும்.

அதனால் 'விளைவுத் தடம்' என்ற சொல்லையே நான் பரிந்துரைக்கிறேன். 'புறவழி' என்றும் யோசிக்கலாம். ஆனால் பெடலின் மிதிசுவிட்சு செய்யும் பைபாஸுக்கு அது வேண்டியிருக்கிறது. 'கண்ணி' எனக்கு ஒப்பவில்லை, அது பிடித்து வைப்பது. சென்ட், ரிட்டர்ன் இரண்டுக்கும் போக்குமுனை, வரவுமுனை என்று வைத்துக்கொள்ளலாம். போக்கும் வரவும் தமிழில் பழைய இணை.

இந்தத் தடம் எதற்கு? ஆம்பின் முன்பெருக்கியிலேயே டிஸ்டார்ஷன் (ஒலியைச் சிதைத்துக் கரகரப்பாக்குவது) ஏற்றி வாசிப்பவர், எதிரொலி தரும் டிலே பெடலை கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவே வைத்தால், எதிரொலிகளும் சேர்ந்து நொறுங்கிக் குழைந்துவிடும். டிஸ்டார்ஷனுக்குப் பிறகு, அதாவது இந்தத் தடத்தில், வைத்தால் ஒவ்வொரு எதிரொலியும் தனித்தனியாகக் கேட்கும். ரிவெர்புக்கும் (பெரிய அறையின் முழக்கம் தரும் பெடல்) இதே கதைதான். வா-வா, ஓவர்டிரைவ் பெடல்கள் முன்னாலேயே இருக்கட்டும்.

வீட்டு வேலையில் உயிர்நாடி வரவுமுனை ஜாக். அதன் உள்ளே மெல்லிய தகடு ஒன்று இன்னொரு தொடுமுனையை அழுத்திக்கொண்டிருக்கும். 6.35 மில்லிமீட்டர் பிளக்கைச் செருகியதும் அதன் நுனி தகட்டைத் தள்ளி இணைப்பைத் துண்டிக்கும். போக்குமுனையிலிருந்து ஒரு ஒயரை அந்தத் தொடுமுனைக்குக் கொடுத்துவிட்டால், பெடல் எதுவும் இல்லாதபோது ஆம்ப் பழையபடியே பாடும். நாளாக ஆக இந்தத் தகட்டில் அழுக்கு படியும். திடீரென்று சத்தம் குறைந்தால், போக்குமுனை ஜாக்கையும் வரவுமுனை ஜாக்கையும் ஒரு குட்டைக் கேபிளால் இணைத்துப் பாருங்கள். சத்தம் திரும்பினால் குற்றவாளி அந்தத் தகடுதான். கான்டாக்ட் கிளீனர் அடித்து, பிளக்கைச் சில முறை செருகி எடுத்தால் போதும்.

ஜாக் பிளாஸ்டிக் உடல் கொண்டதாக இருக்கட்டும். உலோக ஜாக் ஆம்பின் பெட்டியைத் தொட்டால், மேலே சொன்ன புவியிணைப்பு வளையம் உள்ளேயே உருவாகிவிடும். உள் இணைப்புகளுக்கு ஷீல்டு ஒயர்தான் (மேலே உலோக வலை சுற்றியது).

பலர் விட்டுவிடுவது பஃபர் (சிக்னலை வலு குறையாமல் கேபிளுக்கு அனுப்பும் சின்னச் சுற்று). ஷீல்டு கேபிளுக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 100 பைகோஃபாரட் மின்தேக்குத் திறன் உண்டு. ஒயரைப் பிரித்த இடத்தின் மின்னெதிர்ப்பு 100 கிலோ ஓம் என்றால், பெடல் வரை 6 மீட்டர் கேபிள் போட்டதுமே சுமார் 2,600 ஹெர்ட்ஸுக்கு மேல் டிரபிள் (உயர் அதிர்வெண் ஒலி) மங்கத் தொடங்கும். ஒரு ஜெஃபெட்டோ (ஒருவகை டிரான்சிஸ்டர்) ஆப்-ஆம்போ (பெருக்கிச் சில்லு) பஃபராகப் போக்குமுனைக்கு முன்னால் நின்றால் இந்த இழப்பு இருக்காது. சிக்னல் பெடல் தாங்கும் அளவைவிடப் பெரிதாக இருந்தால், அங்கேயே அதைக் குறைக்க ஒரு வால்யூம் கண்ட்ரோலும் வைத்துவிடலாம்.

இதெல்லாம் டிரான்சிஸ்டர் ஆம்புக்குச் சொன்னது. அதிலும் சுவரிலிருந்து மின்சாரப் பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான் திறக்க வேண்டும். வால்வு ஆம்பில் 300 முதல் 450 வோல்ட் வரை நேர்மின்னழுத்தம் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கிகளில் அது உயிரோடு இருக்கும், ஆளைக் கொல்லும். வால்வு ஆம்பைப் பழகிய கை மட்டுமே தொடவேண்டும்.

இன்னொன்று: பாடப்புத்தகத்தின் தொடரிணைப்பும் பக்க இணைப்பும் இங்கேயும் உண்டு. தொடர் விளைவுத் தடத்தில் சிக்னல் முழுதும் பெடல் வழியே போகும். பக்க இணைப்பு விளைவுத் தடத்தில் மூல ஒலி ஒரு பக்கம் நேராகச் செல்ல, பெடலின் ஒலி கடைசியில் கலக்கும். கலக்கும்போது இரண்டின் கட்டமும் (ஃபேஸ், அதாவது அலையின் ஏற்ற இறக்கம்) பொருந்தாவிட்டால் ஒலி மெலிந்துவிடும். வீட்டில் செய்பவர்கள் தொடரிணைப்பையே போடுங்கள்.