ஆய்வேடு கொடுத்த பிறகு பணம் இல்லாத மாதங்கள்

முனைவர் பட்ட ஆய்வில் பணத்துக்கு எப்போது திண்டாட்டம் வரும் என்று கேட்டால், சேர வருகிற மாணவர்கள் முதல் வருடத்தைத்தான் சொல்வார்கள். வேலூர்ப் பக்கம் நெறியாளராக இருந்து நான் பார்த்தது வேறு. முதல் வருடத்தை எப்படியோ ஓட்டிவிடுகிறார்கள். ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டு வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்குக் காத்திருக்கும் மாதங்களில்தான் ஆள் தளர்ந்துபோகிறார். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி, நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வின் வழியாகத் தரும் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை ஐந்து வருடம் வரை வரும், அல்லது ஆய்வேடு கொடுக்கும் நாள் வரை வரும். இரண்டில் எது முந்துகிறதோ அதோடு சரி. பட்டம் அன்றைக்குக் கிடைப்பதில்லை. தேர்வாளர்கள் படிக்க வேண்டும், அறிக்கை வர வேண்டும், வைவா நடக்க வேண்டும். சமர்ப்பித்ததிலிருந்து ஆறு மாதத்துக்குள் இதையெல்லாம் முடிக்க வேண்டும் என்று யுஜிசியின் 2022 விதிமுறை சொல்கிறது. சில இடங்களில் அப்படி முடிகிறது. ஒரு வருடத்தைத் தாண்டி மேசையில் கிடந்த கோப்புகளும் உண்டு.

அதனால் என்னிடம் சேர வருகிறவர்களிடம் தலைப்பைக் கேட்பதற்கு முன்பு வயதைக் கேட்பேன். தப்பாக எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. ஜேஆர்எஃப்புக்கு வயது வரம்பு 30. பெண்களுக்கும் எஸ்சி, எஸ்டி, ஓபிசி பிரிவினருக்கும் ஐந்து வருடத் தளர்வு இருக்கிறது. எம்.ஏ. முடித்து, குடும்பத்துக்காக ஒரு தனியார் கல்லூரியில் நாலைந்து வருடம் பாடம் நடத்திவிட்டு, அப்புறம் பிஎச்.டி. என்று வருகிறவர்கள் நம் பக்கம் அதிகம். குடியாத்தம், ஆற்காடு, பேரணாம்பட்டு என்று எங்கிருந்து வந்தாலும் கதை இதுதான். அவர்களில் பாதிப் பேர் அந்த வரம்பை நெருங்கிவிட்டதையே கவனித்திருப்பதில்லை. முதுகலை கடைசி வருடத்தில் இருக்கும்போதே நெட் எழுதலாம். கலைப் பாடங்களுக்கு அதில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பும் கிடையாது. முதல் தாளில் 50 கேள்வி, இரண்டாம் தாளில் 100 கேள்வி, மொத்தம் 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். அறிவியல் மாணவர்கள் எழுதும் சிஎஸ்ஐஆர் நெட் வேறு மாதிரி. அங்கே தவறான விடைக்கு மதிப்பெண் போகும்.

நெட் பொதுவாக வருடத்துக்கு இரண்டு தடவை நடக்கிறது. ஒரே ஒரு தடவையை நம்பித் திட்டம் போடாதீர்கள். 2024 ஜூன் 18-ஆம் தேதி நடந்த தேர்வை மறுநாளே ரத்து செய்தார்கள். மறுதேர்வு ஆகஸ்டில்தான் தொடங்கியது. அந்தத் தேர்வை நம்பி வேலையை விட்டு வந்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 2024 ஜூனிலிருந்து நெட் மதிப்பெண்ணை வைத்தே பிஎச்.டி. சேர்க்கையும் நடக்கலாம் என்று ஆகியிருக்கிறது. சேர்க்கைக்கு மட்டும் தகுதி பெற்றவர்களின் மதிப்பெண் ஒரு வருடம்தான் செல்லும். அதையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நெட்டைத் தாண்டியும் வழிகள் இருக்கின்றன. தமிழக அரசின் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகைக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் தகுதித் தேர்வு நடத்துகிறது. ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்கள் முழுநேரமாகப் படித்தால் ஆதிதிராவிடர் நலத்துறையில் வருடம் 1 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை உண்டு. கிறித்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர்களுக்கும் இது பொருந்தும்; அது தெரியாமலேயே பலர் விண்ணப்பிக்காமல் விட்டுவிடுகிறார்கள். முதுகலை அறிவியலில் பல்கலைக்கழக முதலிடம் வாங்கியவர் இன்ஸ்பயர் ஃபெல்லோஷிப்பைப் பார்க்க வேண்டும். வீட்டுக்கு ஒரே பிள்ளையாகப் பிறந்த பெண்ணாக இருந்தால் யுஜிசியின் சாவித்திரிபாய் ஜோதிராவ் புலே ஃபெல்லோஷிப் இருக்கிறது. திருமணம், குழந்தை என்று சில வருடம் விட்டுப்போன அறிவியல் பெண்களுக்கு மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் வைஸ்-பிஎச்.டி. இருக்கிறது, வயது 27 முதல் 45 வரை. சமூக அறிவியலுக்கு, இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎஸ்எஸ்ஆரின் ஃபெல்லோஷிப் இருக்கிறது. ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடியிலிருந்து வரும் மாணவர்கள் இன்னமும் சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் ஃபெல்லோஷிப்பைப் பற்றிக் கேட்கிறார்கள். 2022-23 முதல் அதில் புதிய மாணவர்களைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டுவிட்டது. அதை மனதில் வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

இவற்றில் பெரும்பாலானவை முழுநேர மாணவர்களுக்குத்தான். பகுதிநேரமா முழுநேரமா என்பதை ஏதோ வருகைப் பதிவேட்டுச் சமாச்சாரம் போல முடிவு செய்கிறார்கள். அது முழுக்க முழுக்கப் பண விவகாரம். பகுதிநேரத்தில் பதிவு செய்துவிட்டு நடுவில் ஜேஆர்எஃப் வாங்கினால், முழுநேரத்துக்கு மாறினால்தான் பணம் வரும். மாற்றத்துக்கு விண்ணப்பம், கமிட்டி, ஆணை என்று மாதக்கணக்கில் போகும். கல்லூரியில் வாங்கும் சம்பளத்தையும் விட வேண்டியிருக்கும். அந்தச் சம்பளம் ஜேஆர்எஃப்பில் பாதிகூட இருக்காது என்பது வேறு விஷயம்.

சரி, ஃபெல்லோஷிப் கிடைத்துவிட்டது. 2023 ஜனவரியிலிருந்து முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, அப்புறம் எஸ்ஆர்எஃப் என்ற அடுத்த நிலைக்கு உயர்ந்ததும் 42,000, வீட்டு வாடகைப் படி தனி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது தானாக வந்து விழும் பணம் இல்லை. மாணவர் ஆய்வில் தொடர்கிறார் என்று ஒவ்வொரு மாதமும் பல்கலைக்கழகத்திலிருந்து இணையத்தில் உறுதி செய்ய வேண்டும். ஒரு ஊழியர் பதிவிடுவார், இன்னொருவர் சரிபார்த்து ஒப்புதல் தருவார். இருவரில் ஒருவர் விடுப்பில் போனாலோ மாற்றலாகிப் போனாலோ அந்த மாதம் பணம் வராது.

"சார், இந்த மாசமும் வரல சார்."

"செக்ஷன்ல கேட்டியாம்மா?"

"அனுப்பிட்டோம்னு சொல்றாங்க சார். ஆன்லைன்ல பார்த்தா பெண்டிங்னு காட்டுது."

இந்த உரையாடல் என் அறையில் எத்தனை தடவை நடந்திருக்கும் என்று சொல்ல முடியாது. மாத முதல் வாரத்தில் செக்ஷனுக்குப் போய் மரியாதையாக நினைவூட்டுங்கள். பதிவான தேதியைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெயர்ச் சிக்கல் இதைவிடப் பெரியது. பட்டச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், வங்கிக் கணக்கில் அப்பா பெயர் முழுசாக என்று மூன்று விதமாக இருக்கும். நம் ஊரில் இது சகஜம், கணினிக்கு இவர்கள் மூன்று பேர். சேருவதற்கு முன்பே ஆதாரையும் வங்கிக் கணக்கையும் சான்றிதழோடு ஒத்துப்போகும்படி திருத்திவிடுங்கள்.

ஆய்வுச் செலவுக்கென்று கன்டிஞ்சன்சி வரும். கலைப் பாடங்களுக்கு முதல் இரண்டு வருடம் ஆண்டுக்கு 10,000, பிறகு 20,500. அறிவியலுக்கு 12,000, பிறகு 25,000. 1806 வேலூர்ப் புரட்சியை ஆராயும் மாணவர் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு நடையாய் நடக்க வேண்டும். நகல் எடுக்க, ரயிலுக்கு, தங்க என்று அந்தப் பணம் கரையும். ரசீது இல்லாத செலவை யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

இரண்டு வருடம் முடிந்ததும் எஸ்ஆர்எஃப்புக்கு உயர்த்த ஒரு கமிட்டி உட்காரும். அதற்கு அறிக்கை கொடுக்கத் தாமதித்தால் பழைய தொகையிலேயே நிற்பீர்கள். உயர்ந்த பிறகு கூடுதலாக வரும் அந்த 5,000-ஐ ஒரு மூன்று வருட ஆர்.டி.யில் போட்டுவிடச் சொல்வேன். வட்டி இல்லாமலே 1,80,000 ஆகும். வைவாவுக்குக் காத்திருக்கும் மாதங்களை ஓட்ட அது போதும்.

ஃபெல்லோஷிப்பைக் கடைசி மாதம் வரை வாங்குவதற்காக ஆய்வேட்டை எழுதி முடித்துப் பெட்டியில் வைத்திருக்கிறவர்களும் இருக்கிறார்கள். நான் அதைக் குற்றம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் விவரமில்லாத வேலை என்பேன். சமர்ப்பிப்பதற்கு முன்னால் நடக்க வேண்டிய வேலைகள் நிறைய இருக்கின்றன: ஆய்வுக் குழு முன்னிலையில் முன்வைப்பு, சினாப்சிஸ் என்ற ஆய்வுச் சுருக்கம், தேர்வாளர் பட்டியல். இவையெல்லாம் ஃபெல்லோஷிப் ஓடிக்கொண்டிருக்கும்போதே முடிந்துவிட்டால், ஆய்வேடு கொடுத்த கையோடு தேர்வாளர்களுக்குப் போய்விடும். சினாப்சிஸையே ஐந்தாம் வருடக் கடைசியில் கொண்டுவந்தால், பணமும் நின்று கோப்பும் நின்றுவிடும்.

தேர்வாளர் பட்டியல் நெறியாளர் பொறுப்பு. சக நெறியாளர்களிடம் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். பத்து வருடத்துக்கு முன் ஏதோ கருத்தரங்கில் பார்த்தவர் பெயரையே எழுதாதீர்கள். அவர் ஓய்வு பெற்றிருக்கலாம், மின்னஞ்சல் மாறியிருக்கலாம். கடிதம் போய்த் திரும்பி வரும், மாணவர் காத்திருப்பார். குறைந்தது இரண்டு வெளித் தேர்வாளர்கள் வேண்டும்; ஒருவர் வெளிநாட்டவராகவும் இருக்கலாம். ஒருவர் நன்றாக இருக்கிறது என்றும் இன்னொருவர் தேறாது என்றும் எழுதினால் மூன்றாமவருக்குப் போகும். அவர் சரி என்றால்தான் வைவா. அவரும் தேறாது என்றால் ஆய்வேடு நிராகரிக்கப்படும். அறிக்கை தாமதமானால் மாணவர் தேர்வு அலுவலகத்துக்கு எழுத்தில் கேட்கலாம், கேட்க வேண்டும். தேர்வாளர் யார் என்று மோப்பம் பிடித்து அவருக்கே போன் போடுவது மட்டும் கூடாது. கெஞ்சல் போலத் தொடங்கும் அந்த போன் புகாராக முடியலாம்.

சமர்ப்பிக்கும்போது, பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனையும் உண்டு. யுஜிசியின் 2018 விதிமுறைப்படி 10 சதவீதம் வரை பிரச்சினை இல்லை. 10-லிருந்து 40 வரை வந்தால் திருத்திக் கொடுக்க ஆறு மாதம் வரை அவகாசம். 40-லிருந்து 60 என்றால் ஒரு வருடம் கொடுக்கவே முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. காசு வாங்கிக்கொண்டு ஆய்வேடு எழுதித் தருகிறோம் என்று வாட்ஸ்அப்பில் விளம்பரம் செய்கிறவர்கள் இந்தச் சதவீதத்தைக் குறைத்துத் தருவதாகவும் சொல்வார்கள். அவர்கள் சோதனையை ஏமாற்றித் தரலாம். வைவாவில் அவர்கள் வந்து உட்கார மாட்டார்கள்.

வைவாவைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் அறிக்கையைச் சரியாகப் படிப்பதில்லை என்பது என் அனுபவம். தேர்வாளர் கேட்கப்போவதை அதிலேயே எழுதியிருப்பார். ஒவ்வொரு கேள்விக்கும் பதிலை எழுதி, ஆய்வேட்டில் எந்தப் பக்கம் என்றும் குறித்து எடுத்துப் போங்கள். பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் பகுதியில் குரோமியத்தைப் பற்றி ஆய்வு செய்தவரிடம் கேள்வி குரோமியத்தைப் பற்றி வராது. மாதிரி எடுத்தது வடகிழக்குப் பருவமழைக்கு முன்பா பின்பா, எந்தக் கிணறு, எவ்வளவு ஆழம், ஒப்பிடத் தொழிற்சாலை இல்லாத பகுதியில் நீர் எடுத்தீர்களா என்றுதான் வரும். புரட்சியை ஆராய்ந்தவரிடம், மூல ஆவணத்தை நீங்களே படித்தீர்களா, யாரோ மேற்கோள் காட்டியதை எடுத்தீர்களா என்று கேட்பார்கள். செய்த வேலையைச் சொன்னால் போதும். செய்யாததை "அது என் ஆய்வு எல்லைக்குள் இல்லை" என்று தைரியமாகச் சொல்லலாம்.

அப்புறம் அந்தச் சாப்பாட்டு விஷயம். வைவா அன்று ஹாலுக்கே பிரியாணி, வெளித் தேர்வாளருக்கு ஹோட்டல் அறை, கார், சால்வை, பை நிறைய அன்பளிப்பு என்று ஒரு வழக்கம் வேரூன்றிவிட்டது. ஆம்பூர் பக்கத்திலேயே இருப்பதால் நம் பக்கத்து வைவாவுக்கு வெளியூர்க்காரர்கள் ஆசையாகவே வருவார்கள் என்று கேலி பேசுவதும் உண்டு. தேர்வாளருக்குப் பயணப்படியும் மதிப்பூதியமும் பல்கலைக்கழகம் தருகிறது. மாணவர் தர வேண்டியது ஒன்றும் இல்லை. ஃபெல்லோஷிப் நின்று மாதக்கணக்கில் ஆன பிள்ளை வட்டிக்கு வாங்கி விருந்து வைக்கிறது. அதைச் சாப்பிட்டுவிட்டு நாம் வாழ்த்துகிறோம். என் மாணவர்களின் வைவாவில் டீ, பிஸ்கட்டோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லிவிடுகிறேன். அதையும் துறைச் செலவில் கேட்டு வாங்குவோம். இப்போது இணைய வழியாகவும் வைவா நடத்தலாம் என்று விதி இருப்பதால், தூரத்துத் தேர்வாளருக்கு அதைக் கேட்டுப் பார்க்கத் தயங்க வேண்டாம்.

வைவா முடிந்ததும் கை தட்டுவார்கள், 'முனைவர்' என்று ஃபிளெக்ஸ் வைப்பார்கள். கோப்பு அதற்கு அப்புறமும் நகர வேண்டும். தேர்வாளர் சொன்ன திருத்தங்களை முடித்து, ஆய்வேட்டின் மின்பிரதி, ஆய்வேடுகளைச் சேமித்து வைக்கும் இன்ஃப்ளிப்நெட் மையத்துக்குப் போன பிறகுதான் பட்டத்தை அறிவிக்க முடியும். திருத்தத்தை வைவா நடந்த வாரத்திலேயே முடித்து நெறியாளரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும் தேதி நெருங்கினால் தற்காலிகச் சான்றிதழுக்குத் தனியாக விண்ணப்பம் கொடுங்கள். கேட்காமல் அதை யாரும் எடுத்துத் தர மாட்டார்கள்.