"எதிர்த்துப் பேசாத பிள்ளை" என்ற பெருமை போதும்

கடந்த வாரம் குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு தாய் தம் பதினாறு வயது மகனை என்னிடம் ஆலோசனைக்கு அழைத்து வந்தார். (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.) "தங்கமான பையன் மேடம், எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டான். ஒரு மாசமா ஸ்கூலுக்கே போகமாட்டேங்கிறான்" என்றார். அவனுக்கு விருப்பம் வணிகவியலில். சேர்த்துவிட்டதோ உயிரியல் குரூப்பில். வேண்டாம் என்று சொன்னாயா என்று கேட்டேன். "அப்பா மூஞ்சியப் பாத்ததும் சரின்னுட்டேன்" என்றான்.

வேலூரிலும் ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் இருந்து என்னிடம் வரும் பெற்றோர் பெரும்பாலும் வாயாடும் பிள்ளையைத்தான் அழைத்து வருகிறார்கள். வாய் திறக்காத பிள்ளையை, அது பள்ளியையோ சாப்பாட்டையோ விட்ட பிறகே கூட்டி வருகிறார்கள். அடங்கியிருப்பது வேறு, அடக்கம் வேறு என்பதை எத்தனை முறைதான் சொல்வது? கேட்டால் கிடைக்காது, சொன்னால் திட்டு விழும் என்று கணக்குப் போட்டு மௌனமாகிவிட்ட பிள்ளையை நாம் மரியாதை தெரிந்தவன் என்று மெச்சுகிறோம், "எனக்கு இது வேண்டாம்பா, ஏன் என்று சொல்லட்டுமா?" என்று தணிந்த குரலில் கேட்கும் பிள்ளையை எதிர்த்துப் பேசுகிறான் என்கிறோம். குரலை உயர்த்துவதும் பழித்துப் பேசுவதுமே எதிர்த்துப் பேசுதல். காரணத்தோடு மறுப்பது அதில் சேராது. சொல்லப்படாத மறுப்பு எங்கும் போய்விடுவதும் இல்லை. அறைந்து சாத்தும் கதவாகவும், தொடாத சோற்றுத் தட்டாகவும், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் குத்தலான வரியாகவும் அது வெளியே வரும்.

பேசும் பாணி பிறவிக் குணம் என்று நினைக்காதீர்கள். அந்தப் பையன் தன் தெருக் கிரிக்கெட் அணிக்குக் கேப்டன். யார் பந்து வீசுவது, யார் எங்கே நிற்பது என்பதையெல்லாம் சண்டையில்லாமல் பேசி முடிக்கிறான். தெளிவாகச் சொல்லும் திறன் அவனிடம் இருக்கிறது. மைதானத்தில் இருப்பது வீட்டு வாசலில் நின்றுவிடுகிறது. வளரிளம் பருவத்தினரோடு நான் முதலில் செய்வது, யாரிடம் எப்படிப் பேசுகிறாய் என்று அவர்களையே ஒரு தாளில் எழுத வைப்பதுதான். ஆசிரியரிடம், பாட்டியிடம், நண்பனிடம் தாம் வெவ்வேறாகப் பேசுவதை அவர்களே கண்டதும், மாற்றிக்கொள்ளவும் முடியும் என்ற நம்பிக்கை வருகிறது.

அதன் பிறகு வாக்கியத்துக்குப் பயிற்சி. "நீங்க எப்பவும் திட்டுறீங்க" என்பதற்குப் பதிலாக "எல்லார் முன்னாடியும் திட்டும்போது எனக்குக் கஷ்டமா இருக்குப்பா, தனியா சொல்லுங்க" என்று சொல்லிப் பழக வேண்டும். நேரமும் முக்கியம். ஷூ கம்பெனி ஷிப்ட் முடிந்து களைத்து வரும் அப்பாவிடம் வாசலிலேயே தொடங்கக் கூடாது. அவர் சாப்பிட்டு உட்கார்ந்த பிறகு பேசலாம்.

பெற்றோர்களே, பிள்ளையிடம் நான் கேட்கும் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லாதீர்கள். (முதல் பத்து நிமிடம் உங்களை வெளியே உட்காரச் சொல்வது இதற்காகத்தான்.) அத்தை மகனோடு ஒப்பிடாதீர்கள். பிள்ளை சொன்னதை ஒருமுறை திருப்பிச் சொல்லி, "இதைத்தானே சொல்ற?" என்று கேட்டுவிட்டு உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். திக்கிப் பேசும் பிள்ளையையும், இயல்பிலேயே கூச்சமுள்ள பிள்ளையையும் விருந்தினர் முன் பேசச் சொல்லி வற்புறுத்த வேண்டாம்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். கலகலப்பாக இருந்த பிள்ளை திடீரென்று ஒடுங்கி, தூக்கமும் பசியும் குறைந்து இரண்டு வாரம் ஆகிவிட்டால், அதைப் பேச்சுப் பாணி என்று விட்டுவிடாமல் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசினாலும் அன்றைக்கே செல்லுங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற இலவச எண்ணில் இரவிலும் தமிழில் பேசலாம்.