அடைக்கோழியைத் தினமும் ஒரு தடவை தூக்கிப் பாருங்கள்

ஆனிச் சாரல் பிடித்து ரப்பர் பால்வெட்டு நின்றுபோயிருந்த ஒரு நாள். எங்கள் கால்நடை மருந்தகத்துக்கு, குமரி மாவட்டத்துத் திருவட்டாறு பக்கத்திலிருந்து ஓர் அக்கா கட்டைப்பையில் கோழியைப் போட்டுக்கொண்டு வந்தார். "அடை வச்சு 16 நாளாச்சு சாரே. நேத்துல இருந்து எழும்பவே மாட்டேங்கு" என்றார். வெளியே எடுத்தேன். கொண்டையில் சிவப்பே இல்லை, தேங்காய்ப் பருப்பு மாதிரி வெளுத்திருந்தது. நெஞ்செலும்பு கத்தி முனைபோல் கையில் தட்டியது. வாலடி இறகை விலக்கிப் பார்ப்பதற்குள் என் மணிக்கட்டில் பொடிப்பொடியாய் என்னவோ ஊர ஆரம்பித்துவிட்டது.

"முட்டை எப்படி இருக்கு?" என்றேன். விரல் நுனியில் வைத்திருந்தார்: 11 முட்டை, ஏழாம் நாள் செல்போன் டார்ச் அடித்துப் பார்த்து இரண்டு கூமுட்டையை எடுத்துப் போட்டாச்சு, இப்போது 9. "கோழி கடைசியா எப்போ தின்னுச்சு?" என்றேன். பதில் வரவில்லை. அந்த அக்காவைக் குறை சொல்ல முடியாது. நாம் எல்லோருமே முட்டைக்குத்தான் நாள் எண்ணுகிறோம்.

கோழிப்பேன் என்று நாம் ஒரே பெயரில் சொல்வதில் இரண்டு வகை உண்டு. ஒன்று எப்போதும் கோழியின் உடம்பிலேயே கிடப்பது. இறகையும் தோல் செதிலையும் தின்னும். இன்னொன்று பகலில், அடை வைத்த ஓலைக்கூடையான கடவத்தின் இடுக்கிலும் சுவர் வெடிப்பிலும் ஒளிந்துகொண்டு, ராத்திரி ஏறி ரத்தம் குடிப்பது. ஆபத்து இந்த இரண்டாவதில்தான். மிகவும் பெருகும்வரை, பகலில் கோழியைப் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. நல்ல சூட்டில் ஒரு வாரம், பத்து நாளில் ஒரு தலைமுறை பெருகிவிடும். மற்ற கோழி என்றால் இடம் மாறிப் படுக்கும், மண்ணில் புரண்டு உதறும். அடைக்கோழி 21 நாளும் ஒரே இடத்தில் இருந்து கொடுக்கிறது. அது எழும்பாமல் இருப்பதைப் பார்த்து 'நல்லா அடை கிடக்கு' என்று நாமும் சந்தோஷப்படுகிறோம்.

இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. சாயங்காலம் கடவத்துக்கு அடியில் வெள்ளைத்தாள் ஒன்றை விரித்து வையுங்கள். விடியற்காலையில் எடுத்து மடித்துத் தேய்த்தால் சிவப்புத் தீற்றல் விழுந்திருக்கும். விழுந்தால் அன்று ராத்திரியே புதுக் கடவத்தில் முட்டையையும் கோழியையும் மாற்றிவிட்டு, பழைய வைக்கோலைக் கடவத்தோடு எரித்துவிடுங்கள். இருட்டில் மாற்றினால் கோழி அவ்வளவாக முரண்டு பிடிக்காது. சுவர் வெடிப்பில் சுண்ணாம்பு அடியுங்கள். மாட்டு உண்ணிக்கு வாங்கி மிச்சமிருக்கும் மருந்தைக் கண் அளவில் கலக்கிக் கோழியை முக்கி எடுப்பது மட்டும் வேண்டாம். முக்கின அன்றே கழுத்து தொங்கிச் செத்த கோழிகளை நான் மேசையில் பார்த்திருக்கிறேன். கோழிக்கு ஏற்ற மருந்தும் அளவும் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள்.

நமக்கு இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. அதனால் ஈரம் ஒரு தனித் தொல்லை. நனைந்த வைக்கோலில் பூஞ்சை பிடித்தால், பொரிந்த குஞ்சு வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கிச் செத்துப்போகும். அடியில் காய்ந்த மணல், மேலே காய்ந்த வைக்கோல் போதும். தென்னந்தும்பு (தேங்காய் நார்) கிடக்கிறதே என்று அதைப் போட்டுவிடாதீர்கள், குஞ்சின் காலில் சுற்றி இறுக்கிவிடும். இடிக்குப் பயந்து இரும்புத் துண்டும் கரியும் வைக்கிறீர்களா, வைத்துக்கொள்ளுங்கள், அதனால் கெடுதல் இல்லை. (முட்டை கெடுவது இடியால் அல்ல. பெரும்பாலும் சேவல் சேராத முட்டையாக இருக்கும், இல்லை கோழி பயந்து ஓடி முட்டை ஆறிப்போயிருக்கும்.)

தினமும் ஒரு நேரம் வைத்துக் கோழியை நீங்களே தூக்கி வெளியே விடுங்கள். தூக்கும்போது சிறகுக்கு அடியில் முட்டை ஒட்டிக்கொண்டு வருகிறதா என்று பார்க்க வேண்டும், கீழே விழுந்தால் போச்சு. நெல், கம்பு, உடைத்த சோளம், பக்கத்தில் தண்ணீர், ஒரு மூலையில் சாம்பல் கலந்த மணல். பதினைந்து இருபது நிமிடத்தில் தின்று, குடித்து, புரண்டுவிட்டுத் தானே திரும்பிவிடும். அதற்குள் முட்டை கெட்டுவிடாது. எழும்பியதும் ஒரு பெரிய உருண்டையாகக் கழியும், நாற்றம் குடலைப் பிடுங்கும். கழிச்சல் என்று பயந்து ஓடி வருகிறவர்கள் உண்டு. ஒரு நாள் முழுக்க அடக்கி வைத்தது அப்படித்தான் இருக்கும். பச்சையாகவோ வெள்ளையாகவோ தண்ணீராகப் போனால் மட்டும் வாருங்கள்.

குஞ்சு வேண்டாம், முட்டைதான் வேண்டும் என்பவர்கள் கோழிக்குச் செய்கிற கொடுமை இருக்கிறதே, அதைச் சொல்லாமல் விட முடியாது. மூக்கில் இறகைக் கோர்ப்பது, தலைகீழாகத் தொங்கவிடுவது, வாளித் தண்ணீரில் அமுக்குவது. அடைப் புத்தியைப் பிடித்து வைப்பது புரோலாக்டின் என்கிற ஹார்மோன். கூட்டின் கதகதப்பும் வயிற்றில் முட்டை படுவதும் அதைத் தூண்டிக்கொண்டே இருக்கும். வயிறு குளிர வேண்டும் என்று நம் பெரியவர்கள் கண்டது சரிதான், தண்ணீரில் அமுக்கியதுதான் தப்பு. அடியில் கம்பிவலை போட்ட கூண்டை இரண்டு செங்கல்மேல் தூக்கி வைத்து, வெளிச்சமும் காற்றும் வருகிற இடத்தில், தீனி தண்ணீரோடு மூன்று நாலு நாள் கோழியை விடுங்கள். உள்ளே வைக்கோல் கூடாது. பெரும்பாலும் அதிலேயே தெளிந்துவிடும்.

இன்னொன்று, இரட்டை அடை. பொரிந்த குஞ்சைப் பிரித்துவிட்டு அதே கோழிக்கு மறு ஈடு முட்டை வைப்பது. அரைப்பட்டினியில் 42 நாள்! கோழியைத் தொலைக்க வேறு வழியே வேண்டாம்.

அந்த அக்காவின் கோழிக்கு மருந்து கொடுத்து, புதுக் கடவம் மாற்றச் சொல்லி அனுப்பினேன். 21-ஆம் நாள் 7 பொரிந்ததாம். குஞ்சுகளுக்கு ஏழு நாள் ஆனபோது வெள்ளைக்கழிச்சல் சொட்டு மருந்துக்கு வந்தார். ஒரு குப்பியில் 100 குஞ்சுக்கு உள்ள மருந்து இருக்கும், கலக்கினால் ஓரிரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்ததால் பக்கத்து நாலு வீட்டுக் குஞ்சுகளையும் அட்டைப்பெட்டியில் சேர்த்துக் கொண்டுவந்திருந்தார். கண்ணில் ஒவ்வொரு சொட்டாக விட்டு முடித்தேன். கிளம்பும்போது மெதுவாகக் கேட்டார்: "வீட்டுல சேவல் சேர்ந்த முட்டை பத்து இருக்கு சாரே. அதே கோழிக்கு வைக்கட்டா?"

"கொண்டை சிவக்கட்டும்க்கா" என்றேன்.