ரியர் புரொஜெக்ஷன் டிவியில் வண்ணம் பிரிகிறதா? ரிமோட்டை எடுப்பதற்கு முன் படியுங்கள்

"சார், படம் பிரிஞ்சு பிரிஞ்சு தெரியுது" என்றுதான் பெரும்பாலும் போன் வரும். போய்ப் பார்த்தால், கிரிக்கெட் ஸ்கோர் எழுத்துக்கு ஒரு பக்கம் சிவப்பு நிழல், மறுபக்கம் நீல நிழல். அதற்குள் வீட்டில் யாராவது மெனுவுக்குள் போய் கன்வர்ஜென்ஸை, அதாவது மூன்று வண்ணப் படங்களும் திரையில் ஒன்றாகச் சேரும் அளவை, இஷ்டத்துக்கு நகர்த்தியிருப்பார்கள். திரையின் நடுப்பகுதி மட்டும் ஓரளவு சேர்ந்திருக்கும், மூலைகள் முன்பைவிட மோசமாகியிருக்கும். இந்தப் பழைய செட்களைப் பழுது பார்ப்பவன் என்ற முறையில் முதலில் கேட்டுக்கொள்வது, அட்ஜஸ்ட்மென்ட்டில் கை வைப்பதற்கு முன் எது கெட்டிருக்கிறது என்று பாருங்கள். கெட்டுக்கொண்டிருக்கும் பாகத்தை அட்ஜஸ்ட்மென்ட்டால் மறைத்தால் சில நாளில் படம் மறுபடி விலகும். அதற்குள் பழைய சரியான அளவுகளும் போயிருக்கும்.

ரியர் புரொஜெக்ஷன் டிவி என்பது பெட்டிக்குள்ளிருந்து திரையின் பின்பக்கத்தில் படத்தை வீசும் டிவி. டியூப் வகையில் பெரிய பிக்சர் டியூப் கிடையாது. ஏழு அங்குல அளவில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சிறிய டியூப்கள் இருக்கும். ஒவ்வொன்றின் முன்னும் ஒரு லென்ஸ், பின்னால் ஒரு பெரிய கண்ணாடி. மூன்று படங்களும் கண்ணாடியில் பட்டுத் திரும்பித் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக விழ வேண்டும். பச்சை டியூப் நடுவில் நேராக இருக்கிறது. சிவப்பும் நீலமும் பக்கவாட்டில் சாய்ந்திருப்பதால் அவற்றின் படம் இயல்பாகவே கோணலாகத்தான் விழும். அந்தக் கோணலை நிமிர்த்துவது கன்வர்ஜென்ஸ் சர்க்யூட். செட் ஓடும் நேரமெல்லாம் அது வேலை செய்தபடியே இருக்கும், நன்றாகச் சூடாகும்.

அதனால் முதல் சோதனை மிகச் சுலபம். செட்டைப் போட்டு அரை மணி நேரம் விடுங்கள். போட்ட உடனே தெரியும் சின்ன விலகல் பல செட்களில் சூடானதும் தானாகச் சேர்ந்துவிடும். குளிர்ந்த செட்டில் அட்ஜஸ்ட் செய்தால், சூடானதும் அதே அளவு எதிர்ப்பக்கம் விலகும். செட்டை ஒரு சுவரிலிருந்து வேறு சுவருக்குத் திருப்பி வைத்தாலும் லேசாக விலகலாம், பூமியின் காந்தப்புலம் டியூப்களைத் தொடும் திசை மாறுவதால். இந்த மாதிரி விலகலுக்கு மெனுவில் உள்ள அட்ஜஸ்ட்மென்ட்டே போதும்.

ஆனால் சிவப்புக் கோடோ நீலக் கோடோ வில் மாதிரி வளைந்து, மேலும் கீழும் ஓரங்களில் விரல் அளவுக்கு விலகி நிற்கிறதா? அது அட்ஜஸ்ட்மென்ட் விவகாரமே இல்லை. கன்வர்ஜென்ஸ் ஐசி போய்விட்டது, அல்லது போய்க்கொண்டிருக்கிறது. பெரும்பாலான செட்களில் இது எஸ்.டி.கே. (STK) என்று தொடங்கும் எண் உள்ள ஐசி, பெரிய ஹீட் சிங்க்கில், அதாவது சூட்டை இழுக்கும் உலோகத் துண்டில், பொருத்தியிருக்கும். சில செட்கள் இந்த ஐசி ஷார்ட் ஆனால் படமே வராமல் நின்றுவிடும். இங்கே இரண்டு விஷயத்தில் கறாராக இருங்கள். சந்தையில் போலி எஸ்.டி.கே. ஐசிகள் நிறைய உலவுகின்றன, விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் வாங்க வேண்டாம். ஐசியை மட்டும் மாற்றினாலும் போதாது. பக்கத்தில் உள்ள சில ஓம் மதிப்புள்ள சின்ன ரெசிஸ்டர்களையும் மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று ஓபன் ஆகி உள்ளே இணைப்பு அறுந்திருந்தாலும் புது ஐசி போட்டும் கோடு வளைந்தே நிற்கும். ஹீட் சிங்க்கில் சூடு கடத்தும் பழைய பேஸ்ட்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாகத் தடவினாரா என்றும் மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

பாகங்கள் சரி என்று உறுதியான பிறகுதான் ஜியோமெட்ரி, அதாவது படத்தின் வடிவம். மெக்கானிக்குகளுக்கான மறைவு மெனுவான சர்வீஸ் மோடுக்குள் போனதும், எதையும் தொடாமல், இருக்கும் அளவுகளைப் போட்டோ எடுத்து வையுங்கள். அப்புறம் கட்டம் போட்ட பேட்டர்னைக் கொண்டுவந்து, சிவப்பையும் நீலத்தையும் அணைத்துவிட்டுப் பச்சையை மட்டும் பார்க்க வேண்டும். நான் திரையின் குறுக்கே ஒரு நூல், நெடுக்கே ஒரு நூல் இழுத்து ஒட்டிக்கொள்வேன். கண்ணுக்கு நேராகத் தெரியும் கோடு, நூலோடு வைத்துப் பார்த்தால் ஒரு முனையில் இறங்கியிருக்கும். அகலம், உயரம், ஓர வளைவு எல்லாம் பச்சையில் முடிய வேண்டும். பிறகு சிவப்பைப் போட்டுப் பச்சையின் மேல் கொண்டுவாருங்கள். இரண்டும் சேர்ந்த இடத்தில் கோடு சுத்தமான மஞ்சளாக மாறும், சேராத இடத்தில் பச்சையும் சிவப்பும் தனித்தனியாக நிற்கும். கடைசியில் நீலம். மூன்றும் சேர்ந்தால் வெள்ளை. எப்போதும் நடுவில் தொடங்கி ஓரத்துக்குப் போங்கள். ஒரு மூலைப் புள்ளியை மட்டும் பிடித்து இழுத்தால் பக்கத்துக் கோடுகள் நெளியும், அந்த நெளிவை எடுக்கத்தான் நேரமெல்லாம் போகும்.

நீலக் கோடு மற்ற இரண்டைவிடக் கொஞ்சம் தடிமனாக, மங்கலாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். டியூப்பில் ஒளிரும் பூச்சான நீல பாஸ்பரிலிருந்து கூடுதல் வெளிச்சம் பெற நிறைய செட்களில் நீலத்தின் ஃபோகஸை வேண்டுமென்றே சற்றுத் தளர்த்தியிருப்பார்கள்.

வண்ணத்துக்கு வருவோம். முகம் சிவந்து தெரிகிறது என்றால் எல்லோரும் கலரைக் குறைக்கிறார்கள். கலரைச் சுழியத்துக்கே இறக்கிக் கறுப்பு வெள்ளைப் படமாகப் பாருங்கள். அதிலும் இருட்டான பகுதியில் சிவப்புச் சாயலோ வெளிச்சமான பகுதியில் நீலச் சாயலோ இருந்தால் கிரே ஸ்கேல்தான், அதாவது கறுப்பிலிருந்து வெள்ளை வரை மூன்று வண்ணங்களின் சமநிலைதான், கெட்டிருக்கிறது. இருட்டைக் கட்-ஆஃப் அளவிலும் வெளிச்சத்தை டிரைவ் அளவிலும் மாறி மாறிச் சரிசெய்ய வேண்டும், ஒன்று நகர்ந்தால் மற்றது கொஞ்சம் நகரும். இவை சரியானால் கலரைத் தொட வேண்டிய அவசியமே பாதி நேரம் வராது. கலர் டெம்பரேச்சரில் 'கூல்' வேண்டாம், 'வார்ம்' வையுங்கள். கான்ட்ராஸ்ட்டைப் பாதிக்குக் கீழே வைத்திருங்கள். ஷோரூம் வெளிச்சத்துக்காக உச்சத்தில் வைக்கப்பட்ட கான்ட்ராஸ்ட்டை வீட்டில் யாரும் குறைக்காததால்தான் செய்தி சேனலின் லோகோ டியூப்பில் நிரந்தரமாகப் பதிந்துவிடுகிறது. அதை எந்த அட்ஜஸ்ட்மென்ட்டும் அழிக்காது.

வெளிச்சமான பொருளைச் சுற்றிப் பால் போன்ற மங்கல் இருந்தால் உள்ளே தூசி சேர்ந்திருக்கலாம், அல்லது டியூப்புக்கும் லென்ஸுக்கும் நடுவில் உள்ள கூலன்ட் திரவம் கலங்கியிருக்கலாம். தூசியைத் துடைப்பதிலும் கவனம் வேண்டும். இந்தக் கண்ணாடியின் பூச்சு வீட்டுக் கண்ணாடிபோலப் பின்பக்கம் இல்லை, முன்பக்கமே இருக்கிறது. துணியால் அழுத்தினால் கீறல் நிரந்தரம். கூலன்ட் கசிந்து போர்டு மேல் சொட்டுகிறது என்றால் அன்றே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கக்கூடிய விஷயம் அது. பின்மூடியை நீங்களாகத் திறக்கவே கூடாது. டியூப்களுக்குப் போகும் மின்னழுத்தம் 30,000 வோல்ட் அளவுக்கு இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சட்டென்று இறங்காது.

டியூப் இல்லாத எல்.சி.டி. ரியர் புரொஜெக்ஷன் செட்களில் கன்வர்ஜென்ஸ் தொல்லை இவ்வளவு இல்லை. அவற்றில் மஞ்சள் திட்டோ நீலத் திட்டோ வந்தால், விளக்கின் சூட்டில் உள்ளே உள்ள போலரைசர் என்ற ஒளி வடிகட்டும் தகடு வெந்திருக்க வாய்ப்பு அதிகம். மெனுவில் தேடிப் பயனில்லை.

செட் முடிந்துவிட்டது என்று முடிவெடுத்தால் காயலான் கடைக்குப் போடாமல், அங்கீகாரம் பெற்ற மின்கழிவு சேகரிப்பாளரிடம் கொடுங்கள். டியூப் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, உடைத்தால் வெடித்துச் சிதறும். திரையின் உள்பக்கத்தில் உள்ள வரிவரியான பிளாஸ்டிக் தகடு ஃப்ரெனல் லென்ஸ். அழகாக இருக்கிறதென்று கழற்றி மொட்டை மாடியில் சாய்த்து வைப்பவர்கள் உண்டு. அந்த அளவுள்ள லென்ஸ் நம்மூர் வெயிலை ஒரு புள்ளியில் குவித்தால் மரம் புகையும், துணி பற்றிக்கொள்ளும், பார்த்தவர் கண்ணும் போகும். அதைத் தனியாக எடுத்து வைக்க வேண்டாம், எடுத்திருந்தால் துணி சுற்றி வெயில் படாத இடத்தில் வைத்து, செட்டோடு சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.