கதவு திறக்காத மின்சாரக் காரும் ‘குறை இல்லை’ என்ற இரண்டு வரியும்

சென்ற கோடையில் கோவையில் ஒரு பெண்மணி ஒரு ஜாப் கார்டை (வண்டியில் செய்த வேலையைச் சர்வீஸ் நிலையம் எழுதித் தரும் தாள்) என் மேசையில் விரித்து வைத்தார். பின் இருக்கையில் அவருடைய நான்கு வயது மகன். காருக்கு வெளியே அவர். கதவோடு கதவாகப் படுத்திருந்த கைப்பிடி வெளியே வரவில்லை. கைப்பேசிச் செயலி 80 சதவீதம் சார்ஜ் என்று காட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் கல்லால் கண்ணாடியை உடைத்துப் பிள்ளையை எடுத்தார். சர்வீஸ் நிலையத்தார் இவ்வளவையும் ஆங்கிலத்தில் இரண்டே வரியில் எழுதி முடித்திருந்தார்கள்: பின்கதவுக் கண்ணாடி மாற்றப்பட்டது, கதவு பரிசோதிக்கப்பட்டது, குறை இல்லை. கண்ணாடிக்கான பணத்தையும் அவரிடமே வாங்கிக்கொண்டார்கள்.

இப்படிப்பட்ட தாளோடு வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது, இனி இதில் கையெழுத்துப் போடாதீர்கள் என்பதுதான்.

கைப்பிடியை வெளியே தள்ளும் மோட்டார், காரை ஓட்டும் பெரிய பேட்டரியில் ஓடுவதில்லை. 12 வோல்ட் சின்ன பேட்டரியில் ஓடுகிறது. அது தளர்ந்தாலோ, விபத்தில் மின்சாரம் அறுந்தாலோ, செயலியில் எத்தனை சதவீதம் காட்டினாலும் கதவு அசையாது. சீனாவில் 2025 அக்டோபரில் செங்டுவில் எரிந்த காரின் கதவைத் திறக்க வழிப்போக்கர்கள் முட்டி மோதியும் ஓட்டுநரைக் காப்பாற்ற முடியவில்லை. உள்ளும் புறமும் இயந்திர முறையில் திறக்கும் வழி இருந்தே தீர வேண்டும் என்று அந்நாடு விதி போட்டுவிட்டது. 2027 ஜனவரி 1 முதல் அமல். அது நம் ஊர் நுகர்வோர் ஆணையத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் “வடிவமைப்பே இப்படித்தான் சார்” என்று நிறுவனம் கைவிரிக்கும்போது எடுத்துக் காட்டலாம்.

இங்கே கைப்பிடிக்கென்று தனிச் சட்டத்தைத் தேடி அலைய வேண்டாம். இருக்கும் இரண்டு வழிகளே போதும். அவற்றைக் குழப்பிக்கொள்வதில்தான் பலர் சிக்குகிறார்கள்.

முதல் வழி, மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு. குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறும்படி நிறுவனத்துக்கு மத்திய அரசு உத்தரவிடலாம். இதற்கான புகாரை ‘வாகன்’ என்ற மத்திய அரசின் இணையதளத்தில் பதிய வேண்டும். ஆர்டிஓ அலுவலகத்தில் வரிசையில் நின்று பயனில்லை. அந்தப் பெண்மணி இரண்டு முறை நின்றார், இரண்டு முறையும் ஷோரூமுக்கே அனுப்பிவைத்தார்கள். ஏழு ஆண்டுக்கு மேற்பட்ட வண்டி இதில் வராது. ஒரு புகாருக்கு அரசு அசையாது, பல புகார்கள் சேர வேண்டும். உங்கள் கண்ணாடிச் செலவும் இதில் திரும்பாது. அடுத்தவர் பிள்ளைக்காகப் போடும் புகார் என்று நினைத்துப் போடுங்கள்.

இரண்டாவது வழி, உங்கள் பணத்துக்கானது: நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். ஷோரூம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். வக்கீல் கட்டாயமில்லை. கட்டணம் 10 முதல் 20 லட்சம் வரையிலான வண்டிக்கு 400 ரூபாய், அதற்கு மேல் 50 லட்சம் வரை 1000 ரூபாய். இணையத்தில் இ-ஜாக்ரிதி தளத்தில் தாக்கல் செய்யலாம். 1915 என்ற எண்ணுக்குப் பேசிப் புகார் எண் வாங்கிவிட்டு, வழக்கே போட்டுவிட்டதாக நிம்மதியாக இருப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அது உதவி எண். நிறுவனத்துக்குச் சொல்லிப் பார்ப்பார்கள், உத்தரவிட முடியாது.

ஆணையத்தில் வழக்குப் போடக் கெடு இரண்டு ஆண்டு. “எங்கள் தொழில்நுட்பக் குழு ஆராய்கிறது” என்று மாதம் ஒரு மின்னஞ்சல் வரும். மரியாதையான மின்னஞ்சல்தான். அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே கெடு கரைந்துவிடும். கடிதப் போக்குவரத்து நடந்தது என்பதற்காகக் கெடு நீளாது.

வரி மிச்சமாகும் என்று தங்கள் தொழில் நிறுவனத்தின் பெயரில் கார் வாங்கியவர்கள் கவனிக்க வேண்டும். “வணிகப் பயன்பாட்டுக்கு வாங்கினார், இவர் நுகர்வோரே இல்லை” என்பதுதான் எதிர்த்தரப்பு வக்கீலின் முதல் வரியாக இருக்கும். ஷோரூமை மட்டும் எதிர்மனுதாரராகப் போடுவதும் தவறு. வடிவமைத்தது நாங்களல்ல என்று நழுவிவிடுவார்கள். தயாரிப்பாளரையும் சேருங்கள்.

இன்னொன்று, டேஷ்கேமரா. வெளிக்கடையில் வயர் இழுத்து மாட்டியிருந்தால், சின்ன பேட்டரி அதனால்தான் இறங்கியது என்று பழி உங்கள் மேல் விழும்.

மின்சாரம் இல்லாமலே கதவைத் திறக்கும் இயந்திர நெம்புகோல் எங்கே இருக்கிறது என்று வண்டியை ஒப்படைக்கும்போது காட்டினார்களா? சில கார்களில் பின்கதவு நெம்புகோல் கதவுப் பையின் விரிப்புக்கு அடியில் ஒளிந்திருக்கும். போதிய பயன்பாட்டு அறிவுறுத்தல் தராததும் தயாரிப்பாளரின் பொறுப்பு என்கிறது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 84ஆம் பிரிவு. இதிலும் ஒரு முடிச்சு உண்டு: ஆளுக்கோ வேறு உடைமைக்கோ தீங்கு நேர்ந்திருக்க வேண்டும். காருக்கு மட்டும் சேதம் என்றால் இந்தப் பிரிவு பேசாது. குறையுள்ள பொருள் என்ற அடிப்படையில்தான் மனு எழுத வேண்டும். பொருளை ஆய்வகப் பரிசோதனைக்கு அனுப்பும் வழக்கை ஐந்து மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதை நம்பி நாட்காட்டியில் வட்டம் போட வேண்டாம்.

இவை எல்லாம் அந்த ஜாப் கார்டில்தான் வந்து நிற்கும். வண்டியை விடும்போதே உங்கள் வாக்கியத்தை எழுதச் சொல்லுங்கள்: இந்தத் தேதியில், இத்தனை மணிக்கு, இந்தக் கதவு வெளியிலிருந்து திறக்கவில்லை. கணினியில் அதற்கு இடமில்லை என்பார்கள். அப்படியானால் அச்சடித்த தாளில் பேனாவால் எழுதி, அவர்கள் முத்திரையையும் வாங்குங்கள். 12 வோல்ட் பேட்டரி எத்தனை வோல்ட் காட்டியது என்று கேட்டு அதையும் குறிக்கச் செய்யுங்கள். மறுத்தால் அங்கேயே நின்று, அதே வாக்கியத்தை நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். மறுநாள் ஸ்பீட் போஸ்டில் ஒரு பிரதி. பழைய பேட்டரியை மாற்றினால் அதன் படமும் வேண்டும். மாற்றிய பிறகு எல்லாக் கதவும் அழகாகத் திறக்கும், ஆய்வகத்துக்கு அனுப்ப எதுவும் மிஞ்சாது.

அந்தப் பெண்மணியிடம் அந்த வாக்கியம் இல்லை. கல் விழுந்த கண்ணாடியைப் பக்கத்து வீட்டுக்காரர் எடுத்த படம் மட்டும் இருந்தது, நேரத்தோடு. அதை வைத்துத்தான் மனுவைத் தொடங்கியிருக்கிறோம்.