கண்ணுக்கு அங்குலம் தெரியாது

ஆறரை அங்குலக் கைபேசி ஒன்றைக் குறுக்குவாட்டில் திருப்பி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மறு கண்ணுக்கு முன்னால் 30 செ.மீ. தொலைவில் பிடியுங்கள். இரண்டரை மீட்டருக்கு அப்பால் இருக்கும் 55 அங்குல டிவி, இட வலமாக ஏறத்தாழ முழுவதும் மறைந்துவிடும். கைபேசித் திரையின் அகலம் 15 செ.மீ., டிவியின் அகலம் 122 செ.மீ. எட்டு மடங்கு பெரியது எட்டு மடங்குக்குச் சற்றே கூடுதலான தொலைவில் இருக்கிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

விழித்திரையில் விழும் பிம்பத்தின் அளவைத் தீர்மானிப்பது பொருளின் நீளம் மட்டுமல்ல, அதன் இரு முனைகளும் கண்ணில் சேரும் கோணம். ஆகவே, சோபாவுக்கும் சுவருக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று கேட்காமல் “கூடத்துக்கு இத்தனை அங்குலம் போதும்” என்கிறவர், விற்பனையாளரானாலும் நண்பரானாலும், குத்துமதிப்பாகத்தான் சொல்கிறார்.

அங்குலக் கணக்கே ஒரு பழைய எச்சம். தொடக்ககாலப் படக்குழாய்களின் முகம் வட்டமாக இருந்தது. அந்த வட்டத்தின் விட்டமே டிவியின் அளவு. திரை செவ்வகமான பிறகு விட்டத்தின் இடத்தை மூலைவிட்டம் பிடித்துக்கொண்டது. இன்றைய 16:9 திரையில் மூலைவிட்டத்தை 0.87ஆல் பெருக்கினால் அகலமும், 0.49ஆல் பெருக்கினால் உயரமும் கிடைக்கும். இந்த அங்குல எண் கொஞ்சம் ஏமாற்றும். 55இலிருந்து 65க்குப் போகும்போது எண்ணில் கூடுவது 10தான். திரையின் பரப்போ 40 விழுக்காடு பெருத்துவிடுகிறது.

அப்படியானால் எவ்வளவு கோணம் வேண்டும்? ஜப்பானின் ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கே, 1960களிலேயே உயர் தெளிவுத் தொலைக்காட்சிக்கான ஆய்வைத் தொடங்கியது. அந்த முயற்சி இலக்காக வைத்துக்கொண்ட பார்வைக்கோணம் ஏறத்தாழ 30 பாகை. இதற்கு உடலியல் அடிப்படை உண்டு. விழித்திரையின் நடுவில் கூர்மையாகப் பார்க்கும் பகுதி இரண்டு பாகை அளவே இருக்கும். மிச்சமெல்லாம் மங்கல்தான், கண் ஓயாமல் அலைந்து அந்த மங்கலை நமக்குத் தெரியாமல் நிரப்பிக்கொள்கிறது. பக்கத்துக்கு 15 பாகை வரை கண் தானாகவே திரும்பிவிடும். அதற்கு மேல் போனால் கழுத்தும் துணைக்கு வரத் தொடங்கும். இருபுறமும் சேர்த்தால் 30. அந்த அளவில் படம் பார்வையை நன்றாக நிரப்புகிறது, தலையும் அசையாமல் இருக்கிறது.

முக்கோணவியல் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. கண்ணுக்கும் திரைக்கும் இடையிலான தூரத்தைச் செ.மீ.இல் அளந்து 4ஆல் வகுத்தால், ஏறத்தாழ 30 பாகைக்கு உரிய அங்குலம் வந்துவிடும். 2 மீட்டர் என்றால் 50 அங்குலம். இரண்டரை மீட்டர் என்றால் 62. 3 மீட்டர் என்றால் 75. திரையரங்கில் நடுவரிசையில் அமர்வது போன்ற உணர்வை விரும்புகிறவர்கள் 3ஆல் வகுக்கலாம். அது 40 பாகை. செய்தி கேட்டுக்கொண்டே வேறு வேலை பார்க்கிறவர்களுக்கு 6ஆல் வகுத்தாலும் போதும். 20 பாகை கிடைக்கும். அளவுநாடா கையில் இல்லையா? கையை நீட்டி, விரல்களை மடக்கி முட்டி பிடித்தால், அந்த முட்டியின் அகலம் கண்ணுக்கு ஏறத்தாழ 10 பாகை. அமரும் இடத்திலிருந்து மூன்று முட்டிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் சுவரில் திரை பிடிக்க வேண்டிய இடம் தெரிந்துவிடும்.

இந்த எண்களைக் கேட்டதும் பலர் மிரள்வார்கள். “அவ்வளவு பெரிய டிவியை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தால் கண் கெடாதா?” என்பார்கள். தள்ளி உட்காரச் சொன்ன பெரியவர்களிடம் நியாயம் இருந்தது. ஆனால் அது படக்குழாய்க் காலத்து நியாயம். அன்றைய படத்தில், பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையைப் பின்பற்றிய நாடுகளில், கண்ணுக்குத் தெரிந்த வரிகள் 576 மட்டுமே. திரையின் உயரத்தைப் போல ஆறு மடங்கு தூரம் விலகினால்தான் அந்த வரிகள் ஒன்றோடொன்று கலந்து படமாகத் தோன்றும். 29 அங்குலப் பெட்டிக்கு அது இரண்டரை மீட்டரைத் தாண்டும். இன்னொரு காரணமும் உண்டு: 1967இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் தயாரித்த சில வண்ணத் தொலைக்காட்சிகள் அளவுக்கு மீறி எக்ஸ் கதிர்களை வெளிவிட்டது தெரியவந்து, மறு ஆண்டே அங்கு கதிர்வீச்சுக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. உயர் அழுத்த மின்சாரத்தால் எலெக்ட்ரான்களைப் பாய்ச்சிய படக்குழாய் இன்று இல்லை. எல்சிடி, ஓஎல்இடி திரைகளில் எக்ஸ் கதிர் பிறக்க வழியும் இல்லை. காரணங்கள் போன பிறகும் எச்சரிக்கை மட்டும் தங்கிவிட்டது. சோபாவும் பழைய இடத்திலேயே தங்கிவிட்டது.

இனி, கடைகளில் அதிகம் முழங்கும் 4கே விவகாரம். டச்சுக் கண் மருத்துவர் ஹெர்மன் ஸ்னெல்லன் 1862இல் உருவாக்கிய எழுத்துப் பலகைதான், கண் பரிசோதனையில் இன்றும் நாம் படிக்கும் பலகைக்கு முன்னோடி. அதில் 6/6 வரிசை எழுத்தின் ஒவ்வொரு கோடும், 6 மீட்டர் தூரத்தில், ஒரு பாகையை 60 பங்காக்கினால் கிடைக்கும் ஒரு பங்கு அளவுக்குக் கண்ணில் கோணம் கொள்ளும். இயல்பான கண் பிரித்தறியும் எல்லையாக இதைத்தான் கொள்கிறார்கள். 55 அங்குல ஃபுல் எச்டி திரையில் ஒரு பிக்சலின், அதாவது படத்தை உருவாக்கும் ஒரு புள்ளியின், அகலம் 0.63 மி.மீ. அது இந்த எல்லைக்குள் சுருங்குவது 2.2 மீட்டர் தொலைவில். அதற்கு அப்பால் அமர்ந்தால் பிக்சல்கள் தெரியாது. அதே அளவு 4கே திரையில் பிக்சல் பாதியாவதால் அந்தத் தொலைவும் 1.1 மீட்டராகக் குறைகிறது. ஆக, 55 அங்குலத்தை இரண்டரை மீட்டரில் வைத்துப் பார்க்கிறவருக்கு 4கே தரும் கூடுதல் பிக்சல்களால் பெரிய பயன் இல்லை. படம் மேம்பட்டதாகத் தோன்றினால் அதற்குக் காரணம் பெரும்பாலும் அந்தத் திரையின் வண்ணமும் ஒளி வேறுபாடும்தான். அதே இடத்தில் 75 அங்குலம் இருந்தால் கதை மாறும்: ஃபுல் எச்டி பிக்சல் அங்கே 0.86 மி.மீ.; 3 மீட்டர் வரை கண்ணில் படும். கூடுதல் தெளிவுக்கு விலை கொடுக்கிறவர் திரையைப் பெரிதாக்க வேண்டும், அல்லது நாற்காலியை முன்னால் இழுக்க வேண்டும். 65 அங்குல 8கே திரையின் பிக்சலைக் காண முகத்தை 65 செ.மீ. வரை கொண்டுபோக வேண்டும். கூடத்தில் அதற்கு என்ன வேலை?

பாகையில் அறுபதில் ஒரு பங்கு என்ற எல்லை கல்லில் வெட்டியது அல்ல. இளம் கண்கள் பல அதைத் தாண்டும். ஒரு கோடு நேராகச் செல்லாமல் இம்மியளவு விலகினாலும் கண் அதைக் கண்டுபிடித்துவிடும். திரை முழுக்க எழுத்துகள் வரும் விளையாட்டுகளில் இது உணரப்படும். ஓடும் படத்தில் அவ்வளவாக உணரப்படாது.

பெரிய திரை குறைகளையும் பெரிதாக்கும். பழைய 576 வரி ஒளிபரப்பையே பெரும்பாலும் பார்க்கும் வீட்டில், 30 பாகைக்கு விரிந்த முகங்கள் சாயம் கரைந்தது போலத் தெரியும். அங்கே 4ஆல் வகுக்கும் கணக்கைப் பிடிவாதமாகப் பின்பற்ற வேண்டாம். 2.39:1 விகிதத்தில் எடுத்த அகலத்திரைப் படங்களோ திரையின் உயரத்தில் கால் பங்கைக் கறுப்புப் பட்டைகளுக்குக் கொடுத்துவிடும். சினிமாவுக்காகவே டிவி வாங்குகிறவர் ஒரு படி பெரிதாக வாங்குவதில் தவறில்லை.

கடையில் கண்ணை நம்பக் கூடாது. உயர்ந்த கூரையும் நீண்ட கூடமும் திரையைச் சிறிதாக்கிக் காட்டும். பெரிய வட்டங்கள் சூழ்ந்த வட்டம் சிறிதாகத் தோன்றும் எபிங்ஹவுஸ் மாயை உண்டல்லவா? 85 அங்குலத்துக்குப் பக்கத்தில் மாட்டிய 65க்கும் அதே கதிதான். வாங்கும் முன் செய்தித்தாள்களை ஒட்டி, வாங்க நினைக்கும் திரையின் அகலம் உயரத்துக்கு வெட்டி, சுவரில் இரண்டு நாள் மாட்டிவைப்பது எந்த விற்பனைப் பேச்சையும் விட உதவும்.

பக்கவாட்டு நாற்காலிகளையும் கணக்கில் சேருங்கள். 45 பாகை சாய்வில் அமர்கிறவருக்குத் திரையின் அகலம் 70 விழுக்காடாகச் சுருங்கிவிடும். சில வகை எல்சிடிகளில் நிறமும் வெளிறும்.

உயரத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். சோபாவில் அமர்ந்தவரின் கண் தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும். திரையின் நடு அதற்கு நேராகவோ சற்றுத் தாழ்வாகவோ வர வேண்டும். 65 அங்குலத் திரையின் உயரம் 81 செ.மீ. என்பதால் கீழ்விளிம்பு தரையிலிருந்து 60 செ.மீ.இல் நிற்கும். நின்றுகொண்டு குறி வைப்பவருக்கு இது மிகத் தாழ்வாகத்தான் தோன்றும். சுவரில் துளையிட வருகிறவரும் கட்டாயம் இன்னொரு முறை கேட்பார்.