அந்த ட்ரயல் பேப்பர்ல அவர் பேரே கிடையாது: இம்யூனோதெரபியும் சைட்டேஷன் கணக்கும்

கேன்சர் இம்யூனோதெரபில, அதாவது உடம்போட நோய் எதிர்ப்பு சக்தியை வச்சே கேன்சரைத் தாக்குற சிகிச்சைல, பெரிய பேர் வாங்கின ஒருத்தரோட ப்ரொஃபைலைத் திறந்தீங்கன்னா முதல்ல கண்ணுல படுறது ரெண்டு நம்பர், மொத்த சைட்டேஷன் எவ்வளவு, ஹெச்-இண்டெக்ஸ் எவ்வளவுன்னு. நம்பர் பெருசா இருந்தா ஆளும் பெரிய ஆளுன்னு நாமளே முடிவு பண்ணிடுறோம், ஆனா அந்த நம்பர் எப்படி வருதுன்னு தெரிஞ்சுக்காம அதை நம்பறது சரியில்ல.

சைட்டேஷன்னா நீங்க எழுதின பேப்பரை இன்னொருத்தர் தன்னோட பேப்பர்ல எடுத்துக் காட்டுறது, அவ்வளவுதான். ஹெச்-இண்டெக்ஸை 2005ல ஹோர்ஹே ஹிர்ஷ்னு ஒரு இயற்பியல் விஞ்ஞானி கொண்டுவந்தார். கணக்கு ரொம்ப ஈஸி, குறைஞ்சது அஞ்சு சைட்டேஷனாவது வாங்கின பேப்பர் அஞ்சு இருந்தா ஹெச் 5, ஆறு வாங்கினது ஆறு இருந்தா ஹெச் 6. ஒருத்தர் ஆறு பேப்பர் எழுதியிருக்கார்னு வைங்க, சைட்டேஷன் அதிகமா வாங்கினது மேல வர்ற மாதிரி அடுக்கினா 120, 45, 9, 6, 5, 3. அஞ்சாவது பேப்பருக்கு அஞ்சு இருக்கு, ஆறாவதுக்கு ஆறு இல்ல, அதனால இவரோட ஹெச் 5. இப்போ அந்த 120 நாளைக்கே 5000 ஆனாலும் ஹெச் அதே 5தான், இதைக் கொஞ்சம் நின்னு யோசிங்க. ஒரே ஒரு பேப்பர் உலகத்தையே மாத்தினாலும் இந்தக் கணக்குல அது ஒண்ணுதான்.

ஜேம்ஸ் அலிசனை எடுத்துக்குவோம், 2018 மருத்துவ நோபல் பரிசை தசுகு ஹோஞ்சோவோட பகிர்ந்துகிட்டவர். நம்ம உடம்புல நோயை எதிர்த்துப் போராடுற வெள்ளை அணுவான டி-செல் வேலை செய்ய ஆரம்பிக்க சிடி28னு ஒரு ஆக்சிலரேட்டர் உண்டு. டி-செல்லோட இன்னொரு புரதமான சிடிஎல்ஏ-4ஓட ஜீனை 1987லயே பிரான்ஸ்ல கண்டுபிடிச்சாச்சு, பார்க்க சிடி28 மாதிரியே இருந்ததால இதுவும் ஆக்சிலரேட்டர்தான்னு நினைச்சவங்க இருந்தாங்க. இல்ல, இது பிரேக்குன்னு 90கள் நடுவுல அலிசன் லேபும் ஜெஃப்ரி ப்ளூஸ்டோன் லேபும் தனித்தனியா காட்டினாங்க. அலிசன் அதோட நிக்கல, அந்த பிரேக்கை ஒரு ஆன்டிபாடியால அடைச்சா டி-செல்லே கேன்சரைத் தாக்குமான்னு எலில பார்த்தார், கட்டி கரைஞ்சு போச்சு. 1996ல சயின்ஸ் இதழ்ல வந்த அந்தப் பேப்பர் மொத்தம் மூணு பக்கம்!

அதுல மூணே மூணு பேர். முதல்ல டானா லீச், நடுவுல மேத்யூ க்ரம்மல், கடைசில அலிசன். பயாலஜில இந்த வரிசைக்கு அர்த்தம் இருக்கு, முதல் பேர் பெரும்பாலும் கையால சோதனை பண்ணினவர், கடைசிப் பேர் லேபை நடத்துறவர். ஹெச்-இண்டெக்ஸுக்கு இந்த வித்தியாசம் எதுவும் தெரியாது, மூணு பேருக்கும் ஒரே மார்க். பெரிய க்ளினிக்கல் ட்ரயல்ல முப்பது பேர்ல ஒருத்தரா இருந்தாலும் அதே மார்க்தான், இது எனக்கு நியாயமாவே படல.

அடுத்து 2010க்கு வாங்க. சிடிஎல்ஏ-4ஐ அடைக்கிற இபிலிமுமாப் மருந்தை, முத்திப்போன மெலனோமா, அதாவது ஒரு வகை தோல் கேன்சர், இருந்த 676 பேரை வச்சு பண்ணின ட்ரயல் ரிசல்ட் வந்துச்சு. ஒப்பிட்டுப் பார்க்க வச்சிருந்த தடுப்பூசி மட்டும் வாங்கினவங்களோட மீடியன் ஆயுள் 6.4 மாசம், இபிலிமுமாப் வாங்கினவங்களுக்கு சுமார் 10 மாசம். அந்த நோய்ல ஆயுள் கூடுதுன்னு ஒரு பெரிய ட்ரயல்ல தெளிவா காட்டினது அதுதான் முதல் தடவை, அடுத்த வருஷமே அமெரிக்காவுல அனுமதியும் கிடைச்சுது. அந்தப் பேப்பர்ல இருபத்தொன்பது பேர் இருக்காங்க, அலிசன் இல்ல. அவரோட ஐடியா மனுஷ உடம்புல ஜெயிச்ச அந்தப் பேப்பருக்கு வர்ற சைட்டேஷன் ஒண்ணு கூட அவர் கணக்குல ஏறாது.

நம்பர் வேற காரணத்தாலயும் ஏறும். ஏற்கனவே வந்த ஆராய்ச்சிகளைத் தொகுத்து எழுதுற ரிவ்யூ கட்டுரைக்கு பொதுவா ஒரிஜினல் ஆராய்ச்சியை விட சைட்டேஷன் அதிகம், ஏன்னா பத்து பேப்பரைத் தேடிக் காட்டுறதுக்கு பதிலா ஒண்ணைக் காட்டினா போதும். அமெரிக்கன் கேன்சர் சொசைட்டியோட இதழ் ஒண்ணு வருஷா வருஷம் கேன்சர் புள்ளிவிவரக் கட்டுரை போடுது, கேன்சர் பத்தி எழுதுற ஏகப்பட்ட பேர் முதல் வரிலயே அதைக் காட்டுறதால அந்த இதழோட இம்பாக்ட் ஃபேக்டர், அதாவது அதுல வர்ற ஒரு கட்டுரைக்கு சராசரியா எத்தனை சைட்டேஷன்ங்கிற கணக்கு, எங்கயோ போய் நிக்குது. அதே மாதிரி இம்யூனோதெரபி மாதிரி கூட்டம் சேர்ந்த துறைல எல்லாருக்குமே நம்பர் பெருசாத்தான் இருக்கும், சின்னத் துறைல இருக்கிறவரோட அதை ஒப்பிடவே கூடாது.

எனக்குப் பிடிச்ச அளவுகோல் வேற. கேன்சர் செல்லுக்கு என்னென்ன அடையாளம்னு ஹனஹான், வைன்பெர்க்னு ரெண்டு கேன்சர் விஞ்ஞானிங்க 2000ல ஒரு லிஸ்ட் போட்டாங்க, ஆறு அடையாளம், இம்யூன் சிஸ்டம்கிட்ட இருந்து தப்பிக்கிறது அதுல இல்ல. 2011ல திருப்பி எழுதினப்போ அதையும் சேர்த்தாங்க. ஒரு துறையே தன்னோட அடிப்படை லிஸ்ட்டை மாத்தி எழுதுதுன்னா அதுக்குப் பின்னாடி எத்தனை லேபோட உழைப்பு இருக்கணும், அதை எந்த இண்டெக்ஸ் எண்ணும்?

ஹோஞ்சோ கதையில நேரமும் சேருது. அவர் லேப் டி-செல்லோட இன்னொரு பிரேக்கான பிடி-1ஓட ஜீனைக் கண்டுபிடிச்சு 1992ல எழுதின பேப்பர் செல் எப்படித் தானா சாகுதுங்கிற தேடல்ல வந்தது, தலைப்புல கேன்சர்ங்கிற வார்த்தையே கிடையாது. இம்பாக்ட் ஃபேக்டர் ஒரு இதழ்ல முந்தின ரெண்டு வருஷத்துல வந்த பேப்பர்கள் ஒரு வருஷத்துல என்ன சைட்டேஷன் வாங்குதுன்னுதான் பார்க்கும், ஆனா பிடி-1ஐ அடைக்கிற நிவோலுமாப் மருந்து ஜப்பான்ல முதல்ல அனுமதி வாங்கினது 2014ல.